அன்னாசித் தோலும் தலை நோன்பும்

யோசனை வந்தது பஸ்ஸில். மாத்தளை டவுனிலிருந்து நாவுல போகும் பஸ்ஸில் நானும் உம்மாவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உம்மா தலையில் போட்ட சாலால் மூக்கை மூடியிருந்தார். கிளினிக்கில் டாக்டர் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத விஷயம் காதில் விழுந்தால் மூக்கை மூடிக்கொள்வது அவருடைய வழக்கம். முன் இருக்கையில் ஒரு பெண் மடியில் கைக்குட்டையை விரித்துத் தோடம்பழம் உரித்தாள். தோல் மடங்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாரல் தெறித்தது. உம்மா சாலை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

இருமல் வரவில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உம்மா முழு மூச்சு இழுத்து இருமாமல் இருந்ததைக் கண்டு வெகுநாள் ஆகியிருந்தது. அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்: இனி எங்கள் வீட்டைக் கழுவும் எல்லாவற்றையும் நானே செய்வேன். தோலிலிருந்து, இலையிலிருந்து, குசினியில் இருப்பதிலிருந்து. முடிவெடுப்பதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கம்பஸ் வாசல் திறக்கும்வரை வீட்டில் காத்திருக்கும் ஒருத்திக்கு முடிவெடுப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். வீடு கழுவ என்ன பாவிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். உம்மா பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிப்பது போலப் பெருமையாக அடுக்கினார். தினமும் பினாயில், வெள்ளிக்கிழமைக்குக் குளோரின் தூள், கக்கூஸுக்கு அசிட், மனசு கேட்காவிட்டால் கடைசி இரண்டையும் சேர்த்து. டாக்டர் பேனையைக் கீழே வைத்தார். உம்மாவின் இழுப்புக்குக் காரணம் தூசியும் இல்லை, பனியும் இல்லை, அந்த வாளிதான் என்றார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப வூட்ட என்னத்தால கழுவுற? வாயால ஊதியா?" என்று பஸ் ஏறும்போது உம்மா என்னிடம் கேட்டார். "ஊதவும் ஏலாதே எனக்கு."

இதில் ஒரு அவசரம் இருந்தது. நோன்பு வர இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் நோன்புக்கு முன் வீடு கழுவுவதென்றால் சும்மா இல்லை. கட்டில்கள் முற்றத்துக்கு வரும். திரைச்சீலைகள் இறங்கும். அலுமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது வருடத்தில் அந்த ஒருநாள்தான் தெரியவரும். போன வருடம் உம்மா அப்படி ஒரு கழுவல் கழுவினார். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் முகத்தில் மருந்துப் புகை விடும் மூடியோடு கிடந்தார். தலை நோன்பு போயிற்று. நோன்பின் முதல் நாளை விட்டவர் பிறகு அதற்கு ஈடாக எத்தனை களா நோன்பு பிடித்தாலும் அந்த நாள் திரும்பி வராது என்று உம்மா நினைக்கிறார். வியாதிக்காக அவர் அழுததில்லை. நாங்கள் எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தபோது, தனக்கு மட்டும் மருந்துக்கு முன் பாணும் தேத்தண்ணியும் கொடுத்ததற்காக அழுதார்.

இந்த வருடம் தலை நோன்பு அவருக்கு வேண்டும். வீடும் கழுவப்பட வேண்டும். இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதையும் விடமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் முயற்சி வினாகிரியும் அப்பச் சோடாவும். போனில் பார்த்த ஒவ்வொரு வீடியோவிலும் யாரோ ஒரு புன்னகைக்கும் பெண் இரண்டையும் கலக்கினாள், நுரை பொங்கியது, அழுக்கு ஓடியது. நானும் கலக்கினேன். எனக்கும் பொங்கியது. சேர்ந்த மாத்திரத்தில் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆனால் நுரையைக் கண்டால் படிப்பு எங்கே நிற்கிறது? குசினி டைலில் ஊற்றித் தேய்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது.

உம்மா கதவோரம் நின்று பார்த்தார். "சத்தம் நல்லா ஈக்கி" என்றார்.

சரி, வினாகிரியை மட்டும் தனியாகப் பார்ப்போம் என்று முன் ஹோலின் சிவப்புச் சீமெந்துத் தரையில் துடைத்தேன். வருடக்கணக்கில் உம்மா பொலிஷ் போட்டுப் போட்டு முகம் தெரியவைத்திருந்த தரை. காய்ந்ததும் அதில் வெளிறிய ஒரு திட்டு விழுந்தது. வாப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், வீட்டில் யார் அச்சாறு போடுகிறார்கள் என்று ஆசையாகக் கேட்டார். வாப்பாவுக்கு டவுனில் சரக்குக் கடை. ரத்தோட்டைப் பக்கத்திலிருந்து வரும் கராம்பு, சாதிக்காய், மிளகு எல்லாம் வாங்கி விற்பவர். அவர் மூக்கு தவறாது. திட்டின் மேல் நான் பாயை இழுத்துப் போட்டேன். நானா, கடையில் வாப்பாவுக்குத் துணையாக நிற்கும் என் ஒரே அண்ணன், பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சலாம் சொல்லிப் போனான்.

இரண்டாவது முயற்சிக்கு நான் பெரிதாகத் தயாரானேன். பழத்தோலைக் கருப்பட்டியும் தண்ணீரும் சேர்த்து மூடிவைத்தால், நாளடைவில் அழுக்கைத் தின்னும் ஒரு திரவம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால் போனில். டவுன் ஜூஸ் கடையில் அன்னாசித் தோல் கேட்டேன். மாட்டுக்கா என்றார்கள். ஆமாம் என்றேன், விளக்க நேரமில்லை. கித்துள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். இதெல்லாம் பக்குவமாக மூன்று மாதம் வேண்டுமாம். எனக்கு ஏது மூன்று மாதம்? பாண் செய்யும் ஈஸ்ட்டை ஒரு கரண்டி போட்டேன். பெரிய போத்தல்களில் ஊற்றி, எறும்பு வருகிறதென்று மூடிகளை இறுக்கித் திருகி, பின்பக்கத் தகரக் கொட்டிலில் வைத்தேன். அங்கே மத்தியானம் நல்ல சூடு.

நீங்கள் புத்திசாலி என்றால் இதற்குள் சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. தினமும் போய்ப் பார்த்து, குமிழ் வருவதைக் கண்டு பூரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேரை வாப்பா வீட்டுக்கு அழைத்து வந்தார். நோன்புக் கஞ்சி காய்ச்சுவதில் எந்த நாள் யார் பொறுப்பு என்று பேசுவதற்கு. உம்மா உள்ளிருந்து பிளேன்டி அனுப்பினார். கஞ்சிக்கு இஞ்சி போடுவதா வேண்டாமா என்ற அளவில் பேச்சு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கொட்டிலில் ஒன்று வெடித்தது. அதைப் பார்த்து அடுத்ததும் வெடித்தது. மூடி ஒன்று தகரத்தில் பட்டு இறங்கிய சத்தம் பெருநாள் பட்டாசை விடப் பெரிது.

சத்தத்தையாவது சமாளித்திருக்கலாம். பின்னால் வாசம் வந்தது. அன்னாசியும் கருப்பட்டியும் ஈஸ்ட்டும் சூட்டில் கூடினால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. கள்ளுத் தவறணைக்கு முன்னால் பஸ் நின்றால் என்ன வாசம் வருமோ அது, நோன்புக் கஞ்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களைத் தேடி ஹோலுக்குள் நடந்து வந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன ஹாஜியார் அது?" என்று ஒருவர் கேட்டார்.

"மகள் படிக்கிறா" என்றார் வாப்பா.

"என்ன படிக்கிறாவோ?"

"சயன்ஸ்."

மற்றவர், வயதானவர், தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாக இன்னொரு தரம் முகர்ந்தார். "வாசம் சயன்ஸ் மாதிரி இல்லயே ஹாஜியார்."

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு டீச்சரின் தலை தெரிந்தது. டீச்சர் எஸ்டேட் ஸ்கூலில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர், ஒவ்வொரு டிசம்பரும் முந்திரிகை வைன் போடுபவர். வெடிச்சத்தத்துக்கு வந்தவர் வாசத்தை அடையாளம் கண்டுவிட்டார். பின்பக்கம் வந்திருந்த உம்மாவைப் பார்த்து, முற்றம் முழுக்கக் கேட்கும்படி, "நோன்பு வருதுன்னு சொன்னீங்க? நீங்க கிறிஸ்மஸுக்கு ரெடியாகுற மாதிரியில்ல இருக்கு" என்றார்.

உம்மா சிரித்தார். சாலைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹோலில் இருந்த வயதானவரும் சிரித்துவிட்டார். அது எங்களைக் காப்பாற்றியது.

அவர்கள் போனபின் வாப்பா கொட்டிலுக்கு வந்தார். கத்தவில்லை. வெடிக்காத போத்தல்களைப் பார்த்தார். நான் மளமளவென்று சொன்னேன்: இது இப்போதுதான் இப்படி, இன்னும் கொஞ்சநாளில் முழுக்கப் புளித்து வினாகிரியாகிவிடும், வினாகிரி மார்க்கத்தில் கூடும்தானே, எல்லோரும் சாப்பிடுகிறோம்தானே. வாப்பா கடைசிவரை கேட்டார்.

"ஆகட்டும் மகள். ஆகினதுக்குப் பொறகு கதைப்போம். இப்ப ஈக்கிற மாதிரி இது உம்மா தொழுற நெலத்துக்கு வேணாம்."

எல்லாவற்றையும் வாழையடியில் ஊற்றினேன். பல நாள் காலையில் நானா கடைக்குப் போகும் முன் பின்பக்கம் வந்து, வாழை நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனான்.

மூன்றாவது முயற்சியை இவ்வளவு லேசாக எழுத முடியவில்லை. அது வாப்பாவின் கடையிலிருந்து வந்தது. கராம்பை வாங்கும்போது மொட்டைத் தனியாக, காம்பைத் தனியாகப் பிரிப்பார்கள். காம்புக்கு மொட்டின் மதிப்பு கிடையாது, ஆனால் காரம் இருக்கிறது. ஒரு பை நிறையக் காம்பைக் கொண்டுவந்து பெரிய பானையில் அவித்தேன். கருவா இலையும் போட்டேன். கிருமி செத்துவிடும், எறும்பு ஓடிவிடும், வீடு மணக்கும், யாரும் கள்ளென்று சொல்லமாட்டார்கள். வெளியே மழை. சாரல் அடிக்கிறதென்று குசினி ஜன்னலைச் சாத்தியிருந்தேன். ஆவி கூரைவரை நின்றது. எனக்கே கண் கரித்தது. அதை வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

உம்மா தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி எடுக்க வந்தார். இரண்டு அடி வைத்தவர் நின்றார். கதவுநிலையைப் பிடித்தார். அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்குவதைக் கண்டதும்தான் எனக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இழுப்புக்கு அடிக்கும் பம்பைத் தேடி ஓடினேன். முற்றத்துக் கூரையடியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பேச முடிந்ததும் உம்மா முதலில் கேட்டது இதுதான்:

"இதுவும் இயற்கைதானே மகள்?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அதனால்தான் எனக்கு வலித்தது. பஸ்ஸில் ஒரு தோடம்பழத்தின் வாசம் அவரை ஒன்றும் செய்யவில்லை என்பதால், மரத்திலிருந்து வரும் எல்லாம் அவருக்கு ஆகும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அந்த நெஞ்சுக்கு எது மரத்திலிருந்து வந்தது, எது பெக்டரியிலிருந்து வந்தது என்ற வித்தியாசம் தெரியாது. காரமா இல்லையா என்பதுதான் தெரியும். அன்றும் மறுநாளும் உம்மா பம்பும் கையுமாக இருந்தார். நானா பகிடி பண்ணவில்லை. அவன் பகிடி பண்ணாதது அந்த வாழை மரப் பகிடியை விட மோசமாக இருந்தது.

நான் நிறுத்தியிருப்பேன். நிறுத்தவிடாதவர் உம்மாதான். கொஞ்சம் தேறியதும் அலுமாரிக்கு மேலே இருந்த குளோரின் டின்னை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். நோன்புக்கு இன்னும் ஒரு கிழமைதான் என்றார். "உனக்கு ஏலாட்டி பரவால்ல. நான் மெதுவா பாத்துக்குறன்." உம்மா மெதுவாக எதையும் பார்த்ததில்லை. நான் அந்த டின்னை எடுத்துப் போய் டீச்சர் வீட்டில் ஒளித்துவைத்தேன். இப்போது எனக்குத் தேவை எதையும் கொல்லாத, எதுவும் மணக்காத, ஆனால் பிசுக்கை எடுக்கும் ஒன்று.

அது கிடைத்தது நகைக்கடையில். பெருநாளைக்குப் போடவென்று அந்தக் கிழமையே உம்மாவின் காதுப்பூவின் திருகாணியைச் சரிசெய்யக் கொண்டுபோனேன். பத்தர் வேலையை முடித்து, ஒரு கிண்ணத்துப் பழுப்புத் தண்ணீரில் காதுப்பூவைப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தார். நுரை வந்தது. நான் குனிந்து கிண்ணத்துக்குள் மூக்கை விட்டேன். அவர் கிண்ணத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். அடியில் தங்கத் தூசு கிடக்குமாம், அதற்குத்தான் குனிகிறேன் என்று நினைத்துவிட்டார். வாசம் பார்த்தேன் என்றேன். அவர் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் அதில் வாசமே இல்லை. இருந்தால் ஈரக் கட்டை மாதிரி ஏதோ லேசாக. பூந்திக்கொட்டை. சிங்களத்தில் பெனெல என்று நாட்டு மருந்துக்கடையில் சாக்கோடு இருக்கும் சாமான். நான் அதைப் பெயராக மட்டும் அறிந்திருந்தேன்.

கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு மேல்தோலை மட்டும் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் வெளியே, முற்றத்து அடுப்பில், காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து அவித்தேன். வடித்து ஆறவைத்து, உம்மாவுக்கு முன்னால் ஒரு கோப்பையில் தூரமாக வைத்தேன். பம்ப் என் மறுகையில். உம்மா முகர்ந்தார். கிட்டப் போய் முகர்ந்தார். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

குசினி டைலில் துணியை நனைத்துத் தேய்த்தேன். பிசுக்கு வந்தது. அடுப்பு மேடையும் வந்தது. குழாயில் படிந்த வெள்ளைக்கு மட்டும் பிழிந்த தேசிக்காய் மூடி. எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போல இருந்தது. உம்மாவின் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"கழுவின வூட்ல கழுவின மணம் ஈக்கணும்" என்றார். "இது கழுவின மாதிரியே இல்ல."

அப்போதுதான் விளங்கியது, நான் இவ்வளவு நாளும் தவறான இடத்தில் சண்டை பிடித்திருக்கிறேன் என்று. உம்மாவுக்குச் சுத்தம் என்பது மூக்கில் இருக்கிறது. மூக்கு எரிந்தால் வீடு சுத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள் என்றேன். வெறுங்காலோடு டைலில் நடந்தார். கால் ஒட்டவில்லை. குதிகாலைத் திருப்பினால் கிறீச் என்றது. இன்னொரு தரம் திருப்பினார், கிறீச். குசினி முழுக்கக் கிறீச் கிறீச்சென்று நடந்து, பிரிட்ஜுக்கு அடியில் காலை விட்டு, "இங்க கழுவல்ல" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வீடு கழுவிய நாளில் உம்மா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். உள்ளே வரக்கூடாது என்பது ஒப்பந்தம். வாய்க்கு ஒப்பந்தம் இல்லாததால் அங்கிருந்தே எல்லா மூலைகளையும் கழுவினார். நானா அலுமாரியைத் தள்ளினான், வாப்பா திரைச்சீலை இறக்கினார், நான் வாளியும் மொப்புமாக ஓடினேன். மத்தியானத்துக்குள் ஹோல், அறைகள், குசினி எல்லாம் முடிந்தன. கட்டில்கள் உள்ளே போயின. நாங்கள் மூவரும் நனைந்த கோழிகள் மாதிரி நின்றோம்.

அப்போது வாப்பா வழக்கம்போல சாம்பிராணிச் சட்டியோடு வந்தார். கழுவிய வீட்டுக்குச் சாம்பிராணி பிடிப்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கரியில் தூளைப் போட்டுவிட்டார், புகை சுருளச் சுருள வாசற்படி ஏறிக்கொண்டிருந்தார். நான் மொப்போடு பாய்ந்தேன். ஆனால் எனக்கு முன்னால் கதிரையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"அத மதிலுக்குக் கிட்ட வைங்க. வூட்டுக்குள்ள வேணாம்."

வாப்பா நின்றார். "கழுவின மணம் வேணாமா?"

"தல நோன்பு வேணும்" என்றார் உம்மா.

சட்டி மதிலடியில் புகைந்தது. புகை டீச்சர் வீட்டுப் பக்கம் போனது.

தலை நோன்பன்று நான் உம்மாவின் மூச்சையே எண்ணிக்கொண்டு திரிந்தேன். அஸர் தொழுகைக்குப் பின் களைத்துத்தான் இருந்தார், எல்லோரையும் போல. இழுப்பு இல்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார், தண்ணீர் குடித்தார், பள்ளிவாசல் கஞ்சியை ஒரு கோப்பை முழுதாகக் குடித்தார். என் கோப்பையில் இன்னொரு அகப்பை கஞ்சி ஊற்றினார்.

இதை இங்கே முடித்தால் நான் வென்றதாகிவிடும். ஆனால் அடுத்த நாள் கக்கூஸ் ஜன்னலுக்கு மேலே, பழைய துணியில் சுற்றிய அசிட் போத்தலைக் கண்டேன். பாதி இருந்தது. உம்மாவிடம் காட்டினேன். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"அது கக்கூஸுக்கு மட்டும். பூந்திக்கொட்டையால அந்த மஞ்சக் கறை போகுமா? சொல்லு."

போகாது. தேய்த்துப் பார்த்துவிட்டேன். அது கிணற்றுத் தண்ணீர் படியவிட்ட கறை, புளிப்புக்குத்தான் அசையும். தேசிக்காய் போதாது. ஆனால் வாப்பாவின் கடையில் மூலையோடு ஒரு சாக்கு நிற்கிறது: கொறக்காப்புளி. மீன் ஆணத்துக்கு ஒரு சுளை போட்டாலே பல்லைக் கூசவைக்கும் கறுத்த புளி. அது டைலில் கறுப்புச் சாயம் விடுமா என்பது எனக்குத் தெரியாது. விடலாம். நானா இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், தங்கச்சி கக்கூஸில் மீன் ஆணம் வைக்கப்போகிறாள் என்று.

சுளைகள் கிண்ணத்தில் ஊறுகின்றன. நாளை காலை முதலில் ஒரே ஒரு டைல், கதவுக்குப் பின்னால் இருப்பது, யார் கண்ணிலும் படாதது. ஜன்னல் திறந்திருக்கும். உம்மா டீச்சர் வீட்டில் இருப்பார்.